களப்பணிக்குக் கோட்பாடு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூகப்பணிப் பட்ட வகுப்பில் கோட்பாட்டுப் பாடங்களைக் குறைத்துக் களப்பணி நாள்களைக் கூட்டினாலே போதும் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். களப்பணி கூட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோட்பாடு என்பது தேர்வோடு இறக்கி வைத்துவிட வேண்டிய சுமை என்பதை, குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

பணியில் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்ட சிறுவன் ஒருவனைப் பற்றிய அறிக்கையில், 'தாய் அக்கறையற்றவர்' என்று எழுதி முடித்திருந்தேன். மூன்று முறை வீடு தேடிப் போயும் அந்த அம்மாவைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் என்னிடமிருந்த ஒரே ஆதாரம். மேற்பார்வையாளர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, "அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்தபோது, பூச்சந்தையில் அதிகாலை மூன்று மணிக்கே அவருக்கு வேலை தொடங்கிவிடுவதும், நான் கதவைத் தட்டிய பத்து மணிக்கெல்லாம் அவர் சந்தையிலேயே இருந்ததும், இரண்டு வயது நிரம்பாததால் பால்வாடியில் சேர்க்க முடியாத தங்கையைப் பார்த்துக்கொள்ள அந்தச் சிறுவனை விட்டால் வீட்டில் ஆளில்லை என்பதும் தெரிந்தன. தங்கைக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதியில் என்பதை அவன் அட்டையைப் பார்க்காமலே சொன்னான்.

1970-களில் அமெரிக்க உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் முன்வைத்த சூழலியல் நோக்கு, குழந்தையின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள, வீடு, பள்ளி போன்ற நெருங்கிய வட்டங்களோடு, குழந்தை ஒரு நாளும் காலடி வைக்காத, ஆனாலும் அதன் அன்றாடத்தைத் தீர்மானிக்கிற இடங்களையும் கணக்கில் கொள்கிறது. பெற்றோரின் வேலையிடமே அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. அந்த வட்டங்களைத் தேர்வுத்தாளில் அழகாக வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். பூச்சந்தை அந்தப் படத்துக்குள் வரும் என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

கோட்பாட்டை விட்டுவிட்டுக் களத்துக்குப் போகிறவர் திறந்த மனத்தோடு போவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவர் 'குடிகாரக் குடும்பம்', 'பொறுப்பில்லாத பொம்பளை' என்ற ஊர்ப்பேச்சுத் தீர்ப்புகளைத்தான் பையில் வைத்துக்கொண்டு போகிறார். 1917-லேயே அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட், நேரில் கண்டதையும் அதிலிருந்து ஊகித்ததையும் பிரித்தறிய வேண்டும் என்று சமூகப்பணியாளர்களுக்கு வலியுறுத்தினார். என் அறிக்கையில் இருந்ததெல்லாம் ஊகம்தான்.

எந்தக் கோட்பாட்டையும் அப்படியே இங்கே பொருத்திவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. தன்னை வளர்ப்பவரோடு குழந்தை கொள்ளும் நெருங்கிய பிணைப்பைப் பற்றிப் பேசும், பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் பற்றுறவுக் கோட்பாட்டைத் தாய் ஒருவரை மட்டுமே மனத்தில் கொண்டு படித்தவர், பாட்டியிடமும் சித்தியிடமும் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து இல்லாத குறையைக் கண்டுபிடித்துவிடக் கூடும். இந்த எச்சரிக்கையையும் வகுப்பறைதான் தர வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு கேட்கும் சமூக விசாரணையை, அதாவது குழந்தையின் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தருவதை, 15 நாள்களுக்குள் முடித்தாக வேண்டும். குழந்தையைக் காக்க வைக்கக் கூடாது என்பதால் கெடு நியாயமானதே. ஆனால் ஒருவர் கையில் கோப்புகள் குவிந்து கிடக்கும்போது, படிவத்தின் கட்டங்களை நிரப்பித் தள்ளுவதே வேலையாகிவிடுகிறது. எழுதியதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க ஆளில்லை. கல்லூரிகளிலும் பல இடங்களில் மாணவரின் களப்பணிக் குறிப்பேடு கையொப்பத்துக்காக மட்டுமே ஆசிரியரின் மேசைக்கு வருகிறது.

எனவே களப்பணி நாள்களைக் கூட்டும்போது, கல்லூரியிலும் அலுவலகத்திலும் வாரம் ஒரு மணி நேரமாவது, ஒரே ஒரு அறிக்கையை எடுத்துவைத்து, அனுபவமுள்ள ஒருவர் முன்னிலையில் வரிவரியாகப் பேசுவதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் திருத்தி எழுதிய அந்த அறிக்கை, சிறுவனைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. தங்கையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு தேவை என்றது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகப்பணியாளர் ஒருவர்,
மதுரை.