கடல் ஏறும் நேரத்தில் அந்த மணல்திட்டைப் பறவைகளுக்கே விட்டுவிடுங்கள்

குளிர்காலத்தில் கடலோரப் பறவை நோக்கும் பயணங்களை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்களோடு கரையோரம் நடந்து பழகியவர்களில் நானும் ஒருவர். எல்லாமே பழுப்பாகத் தெரிகிற உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகளின் கூட்டத்துக்குள் ஒவ்வொன்றையும் காலின் நிறத்தாலும் அலகின் வளைவாலும் பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தப் பயணங்கள்தான். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

ஒரு பயணத்தில் நடந்தது இது. கடல் நன்றாக ஏறிவிட்டது. காலையில் பறவைகள் மேய்ந்த சேற்றுவெளி முழுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தது. மிஞ்சியிருந்த சிறிய மணல்திட்டில் நீள அலகுள்ள பட்டைவால் மூக்கன்களும், வளைந்த அலகுள்ள கோட்டான்களும் (ஆந்தை இல்லை, கரைப்பறவை), சிறிய உப்புக்கொத்திகளும் நெருக்கியடித்து நின்றன. பாதிக்கு மேல் ஒற்றைக்காலில் நின்றபடி, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. குழுவில் ஒருவர், பறக்கும்போது எடுத்தால்தான் படம் நன்றாக வரும் என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். வழிகாட்டி தடுக்கவில்லை. மொத்தக் கூட்டமும் எழும்பியது. எல்லோரும் படம் எடுத்தோம், நானும் எடுத்தேன். பறவைகள் இரண்டு முறை சுற்றி வந்து இறங்கப் பார்த்தன. நாங்கள் நகராமல் நின்றோம். மூன்றாவது சுற்றில் கடல் பக்கமாகப் போய்விட்டன. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

அந்தப் பறவைகளுக்கு அன்று எவ்வளவு இழப்பு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கரைப்பறவைகளின் நாளை நடத்துவது சூரியன் மட்டும் இல்லை, கடலும்தான். சேறு வெளியே தெரியும்போதுதான் சாப்பாடு. அதனால்தான் இரவிலும் மேய்கின்றன. கடல் ஏறியிருக்கும் சில மணி நேரம் அவற்றுக்கு ஓய்வு. தூங்கவும் இறகு கோதவும் கிடைக்கிற நேரம். சும்மா நிற்பதைவிடப் பறப்பதற்குப் பல மடங்கு சக்தி வேண்டும். அப்படிச் செலவானதை கடல் அடுத்து இறங்கும் வற்றத்தில் புழுவாகவும் நத்தையாகவும் சிப்பியாகவும் தேடிச் சேர்த்தாக வேண்டும். குளிர் அதிகமான கரைகளில், பகலும் குறுகிய நாட்களில், அப்படிச் சேர்க்க முடியாமலே போகலாம். வந்து இறங்கிய பெரிய பறவைகள் பல, சிறகிறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்வதும் இந்தக் காலத்தில்தான்.

எங்கிருந்து வந்தவை என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2007ல், செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்து வரைக்கும் எங்கும் இறங்காமல் 11,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. 2022ல், பிறந்து ஐந்து மாதமே ஆன இன்னொன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரைப் பதினோரு நாளில் ஒரே மூச்சில் கடந்தது. இது கடலில் மிதந்து வாழும் பறவை இல்லை. நடுக்கடலில் இறங்கி இளைப்பாற முடியாது. அப்படி வந்து சேர்ந்ததைத்தான் நாம் கைதட்டி எழுப்பினோம்.

என் கோரிக்கை ஒன்றுதான். பயணத்தின் நேரத்தை ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்த்துத் திட்டமிடுங்கள். ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது பறவைகள் அடையும் இடத்தை நோக்கி யாரும் நடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதியைச் செய்தாலே இரண்டாவது பெரும்பாலும் தானாக நடந்துவிடும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். இப்போது பல பயணங்களில் காலை உணவு முடித்து, எல்லோரும் வந்து சேர்ந்து, பத்து மணிக்குக் கரைக்குப் போகிறோம். அது வற்றமாக இருந்தால் பறவைகள் தொலைதூரப் புள்ளிகள். உச்ச ஏற்றமாக இருந்தால் தூங்குகிற கூட்டம். இரண்டிலும் பொறுமை போய், ஆட்கள் முன்னே நகரத் தொடங்குகிறார்கள். மாறாக, உச்சத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய், கரைமேட்டுக்குக் கீழே, வானத்தில் உருவம் தெரியாதபடி உட்கார்ந்துவிட்டால் போதும். தண்ணீரே பறவைகளை நம் பக்கம் கொண்டுவரும். கல்திருப்பி உள்ளான் கல்லைப் புரட்டுவதையும், மூக்கன் கண்வரைக்கும் அலகைச் சேற்றில் இறக்குவதையும் அசையாமல் இருந்த இடத்திலேயே பார்க்கலாம். பறவைகள் மேய்ந்து முடித்துத் திட்டில் ஒதுங்கியதும் நாமும் சத்தமில்லாமல் பின்வாங்கிவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வாரக்கடைசிகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அப்போது கடல் மிக உயரமாக ஏறுவதால் பறவைகளுக்கு மிஞ்சும் இடம் மிகமிகக் குறைவு.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரே அளவைச் சொல்ல முடியாது. பறவைகளே சொல்லும். தூங்கிய தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால், மேய்ந்தவை நின்று நம்மைப் பார்த்தால், மெதுவாக அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினால், நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம். சிவந்த காலுள்ள பவளக்காலி பெரும்பாலும் முதலில் குரல் கொடுக்கும். அது கூப்பிட்ட பிறகு பின்வாங்கினால் தாமதம்தான். சரி, இவற்றை வேட்டையாடும் பொரி வல்லூறு வந்தாலும் பறக்கத்தானே செய்கின்றன என்று சிலர் சொல்கிறார்கள். வல்லூறுக்கு வேறு வழியில்லை, அது சாப்பிட்டாக வேண்டும். நமக்கு அப்படி என்ன கட்டாயம்?

ட்ரோனும் வேண்டாம், பதிவு செய்த குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம். இதைப் பயணத்துக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கரையில் நின்றுகொண்டு ஒருவரைக் கண்டிப்பது எல்லோருக்கும் சங்கடம்.

பறக்கும் கூட்டத்தைக் காட்டாவிட்டால் புதிதாக வருபவர்களுக்குச் சலிப்பாக இருக்குமே என்ற கவலை உங்களுக்கு இருப்பது தெரியும். என் அனுபவம் வேறு. ஆய்வாளர்கள் பறவையின் காலில் கட்டிவிடும் நிறப் பட்டையைத் தேடச் சொல்லுங்கள். கிழக்கு ஆசிய-ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் காலில் மஞ்சள் பட்டை தெரிந்தால் அது வடமேற்கு ஆஸ்திரேலியாவில் பிடித்துக் கட்டிவிட்ட பறவை. ஆரஞ்சு என்றால் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா. ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியில்) ஒருவர் பட்டையைக் கண்டு, இன்னொருவர் அதிலுள்ள எழுத்தை வாசிக்க முயன்று, மூன்றாமவர் பறவை கால் மாற்றி நிற்பதற்காக அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இது நடக்க வேண்டுமென்றால் பறவை நிம்மதியாக நின்றாக வேண்டும். எண்ணுவதும் அப்படித்தான். கிளப்பிவிட்ட கூட்டத்தை எண்ணினால் ஒரே பறவையை இரண்டு முறை எண்ணுவோம், அல்லது விட்டுவிடுவோம்.

குளிர்காலத்தில் கூட்டமாகப் போய்ப் பறவைகளை எண்ணும் பழக்கம் தொடங்கிய விதமே இதற்குப் பொருந்தும். வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று அணி பிரிந்து, யார் அதிகம் சுட்டு வீழ்த்துவது என்று வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். 1900ல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்றார். முதல் ஆண்டு வந்தவர்கள் 27 பேர்.

வரும் பருவத்துக்கான அறிவிப்பைத் தயாரிக்கும்போது, தேதிக்குப் பக்கத்திலேயே இரண்டு நாளின் ஏற்ற நேரத்தையும் போடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டியிருந்தாலும் அப்படியே எழுதுங்கள். நான் வருகிறேன். என்னிடம் இருக்கும் ஸ்கோப்பையும் கொண்டுவருகிறேன், வரிசையில் நின்று எல்லோரும் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்களோடு கரையில் நடக்கும் ஒருவர்