நீக்கிய பிறகும் வரும் எச்சரிக்கைகள்: ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்டோஸ் கணினிகளுக்கு ஆன்டிவைரஸ் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சிறிய ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புது லேப்டாப்பில் சோதனைக்காக இலவசமாக வரும் உங்கள் மென்பொருள், கெடு முடிந்ததும் பணம் கேட்கிறது. அது உங்கள் வியாபாரம், அதில் எனக்குக் குறை இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்தவர் முறைப்படி அதை அன்இன்ஸ்டால் செய்கிறார். ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறீர்கள், தள்ளுபடி காட்டுகிறீர்கள், கடைசியில் 'நீக்கப்பட்டது' என்கிறீர்கள். சில நாள் கழித்துத் திரையின் வலது மூலையில் சிவப்புக் கட்டம் எழுகிறது: 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே புதுப்பியுங்கள்.' இதற்காகவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். பாதிப் பேர் வைரஸ் வந்துவிட்டதென்றே நினைக்கிறார்கள்.

வழக்கமாக நிறுவும் மென்பொருளை நீக்கும் வேலையை விண்டோஸ் தானாகச் செய்வதில்லை. நீங்கள் எழுதி வைத்த அன்இன்ஸ்டாலரைத்தான் அது அழைக்கிறது. எதை அழிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் ஆட்கள். அதனால் மிச்சம் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. எனக்கே தெரியும்: நேரம் குறித்து நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை, ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒரு வரி, பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ், பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு துணை நிரல் (எக்ஸ்டென்ஷன்). சில சமயம் கோப்பு அழிந்திருக்கும், அதை அழைக்கும் வரி மட்டும் தங்கியிருக்கும். அப்போது கணினியைத் திறக்கும்போதெல்லாம் 'குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை' என்று ஒரு பெட்டி வரும்.

இதே தொல்லையில் இருக்கும் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பாப்-அப் திரையில் நிற்கும்போதே, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதற்குரிய வரியில் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். அது எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். குரோம் அல்லது எட்ஜின் ஃபோல்டர் திறந்தால், பெரும்பாலும் எப்போதோ 'அலவ்' அழுத்திய ஏதோ ஒரு தளத்தின் நோட்டிஃபிகேஷன்தான் அது. பிரவுசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்தால் போதும். மற்றவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ஆட்டோரன்ஸ்' என்ற நிரல் உதவும். தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். தெரியாத வரியை அழிக்காதீர்கள், டிக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

இனி உங்களிடம். உங்களில் பலர் முழுமையாக நீக்குவதற்கென்றே தனிக் கருவி ஒன்றை உங்கள் இணையதளத்தில் வைத்திருக்கிறீர்கள். நான் தினமும் பயன்படுத்துவது அதைத்தான். நன்றாகவே வேலை செய்கிறது. என் கேள்வி இதுதான்: முழுமையாக நீக்கத் தெரிந்த நிரல் உங்களிடம் இருக்கும்போது, வாடிக்கையாளர் 'அன்இன்ஸ்டால்' அழுத்தும்போது ஏன் அது ஓடுவதில்லை?

விண்டோஸின் அடியாழத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் நிரலை (டிரைவர்) உடனே அழிக்க முடியாது என்பீர்கள். உண்மை. ஆனால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அழிக்கச் சொல்லும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. இலவசச் சோதனையை ஒருவரே திரும்பத் திரும்ப எடுக்காமல் தடுக்க அடையாளம் வேண்டும் என்பீர்கள். அதற்கு விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி போதும். திரையில் எழுந்து பணம் கேட்கும் நிரல் எதற்கு?

பாப்-அப்பைவிட மோசமான மிச்சமும் உண்டு. அரைகுறையாக நீக்கப்பட்ட ஆன்டிவைரஸின் பதிவு விண்டோஸ் செக்யூரிட்டியில் அப்படியே தங்கிவிட்டால், வேறொரு காவல் இருக்கிறதென்று நம்பி, விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கியே நின்றுவிடலாம். அப்போது உங்கள் காவலும் இல்லை, டிஃபெண்டரும் இல்லை. அப்படிப்பட்ட கணினியில்தான் மருந்துக்கடைக்காரர் கணக்கு எழுதுகிறார், பெற்றோர் பேங்க் வேலை பார்க்கிறார்கள்.

2015-ல் லெனோவோ லேப்டாப்களில் வந்த சூப்பர்ஃபிஷ் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விளம்பர மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் ரூட் சான்றிதழ், அதாவது எந்தத் தளத்தை நம்பலாம் என்று பிரவுசர் முடிவு செய்ய உதவும் அடிப்படைச் சான்று, கணினியிலேயே இருந்தது. போலி இணையதளத்தையும் பாதுகாப்பானது என்று பிரவுசரை நம்பவைக்க அது ஒன்றே போதும். மிச்சம் என்பது வெறும் தொல்லை அல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்' என்று வரும் மோசடிப் பாப்-அப்புகளும் உங்களுடையதும் ஒரே நிறம், ஒரே மிரட்டல். பயமுறுத்தும் சிவப்புக் கட்டத்தை நம்பாதீர்கள் என்று வயதானவர்களிடம் படித்துப் படித்துச் சொல்கிறேன். பணம் கேட்கும் அதே சிவப்புக் கட்டம் உண்மையான நிறுவனத்திடமிருந்தும் வந்தால், அவர்கள் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்கள்? மோசடிக்காரர்களின் வேலையை நீங்களே பாதி முடித்துக் கொடுக்கிறீர்கள்.

இந்தியாவில் விற்பவர்களுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. வாங்கவைப்பதற்காகத் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டு நச்சரிப்பது அதில் ஒன்று. நீக்கிவிட்டுப் போனவரிடம் நீங்கள் செய்வது அதுதான் என்பது என் கருத்து. இப்படி அவதிப்படும் வாடிக்கையாளர்களிடம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய வேலை அல்ல. தனிக் கருவியை அன்இன்ஸ்டாலருக்குள் சேருங்கள். நீக்கி முடித்ததும், எது போனது, எது இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று ஒரு பக்கம் காட்டுங்கள். அந்தப் பக்கம் தமிழிலும் இருக்கட்டும். டிஃபெண்டர் திரும்ப வேலைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த வெர்ஷனிலேயே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை விற்கவும் நீக்கவும் செய்யும் ஒரு கடைக்காரர்