பாமாலை ராகப் புத்தகம் அச்சிட உதவுங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கத்துச் சபைகளின் பாடகர் குழுவினர் சேர்ந்து ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறோம். ஆராதனையில் அதிகம் பாடும் நூறு பாமாலைப் பாட்டுகளை (மேல்நாட்டு ராகத்தில் பாடும் ஞானப்பாட்டுகள்), நான்கு குரலுக்கும் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று எழுதும் சுரக்குறிப்பு) போட்டு, ராகம், அதாவது மெட்டு, அமைத்தவர் பெயரோடு ஒரே புத்தகமாக அச்சிடப் போகிறோம்.

"தூய, தூய, தூயா" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளை இயற்றிய பேராயர் ரெஜினால்டு ஹீபர் 1826-ல் நம் திருச்சியில்தான் இறந்தார், அடக்கமானதும் அங்கேதான். ஆனால் நாம் பாடும் ராகத்தை அவர் கேட்டதே இல்லை. டர்ஹாம் நகரத்துக் குருவானவர் ஜான் பாக்கஸ் டைக்ஸ் அமைத்த அந்த ராகம் 1861-ல்தான் வெளிவந்தது. முதல் "தூய" டோவில், அடுத்தது மீயில், மூன்றாவது சோவில் என்று படிப்படியாக ஏறும். ராகத்துக்கு அவர் வைத்த பெயர் நைசியா. குமாரனும் பிதாவோடு ஒரே தன்மையுள்ள தெய்வம் என்று அறிக்கையிட்ட திருச்சபைச் சங்கம் கி.பி. 325-ல் கூடிய ஊர் அது. திரித்துவத்தைப் பாடும் பாட்டுக்கு எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்! "என்னோடிரும், மா நேச கர்த்தரே" ராகமும் அதே 1861-ல் வந்ததுதான், வில்லியம் ஹென்றி மங்க் அமைத்தது.

இவர்கள் நமக்குத் தந்தது மேல்குரல் மட்டுமல்ல. ஆல்டோ, டெனர், பேஸ் என்ற மற்ற மூன்று குரல்களும் சேர்ந்ததுதான் அவர்கள் இசை. இப்போது கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் போனில் கேட்டு மேல்குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்த்துப் படிக்கப் புத்தகம் வேண்டுமே. எங்களிடம் இருக்கும் பழைய பிரதியில், புரட்டிப் புரட்டிக் கீழ்மூலை தேய்ந்து, கடைசி வரியான பேஸின் முடிவு பல பக்கங்களில் உதிர்ந்தே போய்விட்டது. அதை மனப்பாடமாகப் பாடும் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி முடித்துவிட வேண்டும்.

கீர்த்தனைகள் ஏன் இல்லை என்று சிலர் கேட்டார்கள். அவை நம் கர்நாடக இசையில் அமைந்தவை; ராகமும் தாளமும் பாட்டின் தலைப்பிலேயே இருக்கின்றன. கீர்த்தனைகள் பல இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் பெயரும் நம் சபைகளில் எல்லோருக்கும் தெரியும். அதனால் முதலில் பாமாலை.

டைக்ஸ் 1876-லும் மங்க் 1889-லும் காலமானவர்கள். இவர்கள் காலத்து ராகங்களுக்கு உரிமைத்தொகை எதுவும் கிடையாது. செலவெல்லாம் சோல்ஃபா தட்டச்சு, தாள், அச்சு, பைண்டிங்குக்குத்தான். ஒரு பிரதிக்கு ரூ. 400 ஆகிறது. ரூ. 1,600 கொடுத்தால் ஒரு கிராமச் சபையில் நான்கு குரலுக்கும் ஆளுக்கொரு புத்தகம் போய்ச் சேரும். முடிந்தது நூறு ரூபாய் என்றாலும் சரி, சந்தோஷமாகக் கொடுங்கள்.

கவரின்மேல் "ராகப் புத்தகம்" என்று எழுதிக் காணிக்கைப் பையில் போடலாம்; ஆராதனை முடிந்ததும் உங்கள் சபைப் பொருளாளரிடமும் கொடுக்கலாம். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டில் தாத்தா பாட்டி காலத்து ராகப் புத்தகம் இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தந்து உதவுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்குமுன் புத்தகம் கைக்கு வர வேண்டும் என்பதால், அக்டோபர் முடிவதற்குள் காணிக்கையைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ராகப் புத்தகக் குழுவினர்,
வேலூர்