ஆபிரகாமின் மடி சொர்க்கத்துக்கு மறுபெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில், 'ஆபிரகாமின் மடி' என்றால் சொர்க்கம்தான் என்று ஒரு வரி வந்திருந்தது. இயேசு சொன்ன ஒரு கதையில் வரும் வார்த்தை அது: வாசலில் கிடந்த ஏழை லாசரு இறந்தபின் முற்பிதா ஆபிரகாமின் மடியில் சேர்க்கப்படுகிறான், அவனைக் கவனிக்காத ஐசுவரியவானோ (பணக்காரன்) இறந்து அக்கினியில் வேதனைப்படுகிறான். ஞாயிறு பள்ளியில் 30 வருஷம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தவள் நான். என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

லூக்கா 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். லாசரு அந்த மடியில் இருக்கும்போது, ஐசுவரியவானின் ஐந்து சகோதரர்கள் இன்னும் வீட்டில் உயிரோடு இருக்கிறார்கள். நியாயத்தீர்ப்பு வரவில்லை, உயிர்த்தெழுதலும் நடக்கவில்லை. லாசரு அங்கே இளைப்பாறுகிறான், அவ்வளவுதான்.

இயேசுவுக்கு முன்பே யூதர்களிடம் இந்த எண்ணம் இருந்தது. ஏனோக்கின் புத்தகம் என்ற பழைய யூத நூலில் (அதன் அரமேயத் துண்டுகள் சவக்கடல் பக்கத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்தன) ஒரு பெரிய மலை வருகிறது. அதற்குள் ஆத்துமாக்கள் தீர்ப்பு நாள்வரை தங்கும் குழிவுகள். மற்றவை இருட்டு, நீதிமான்களுடையதில் மட்டும் வெளிச்சம், நடுவே ஒரு நீரூற்று. இதை வாசித்த பிறகு, ஐசுவரியவான் முதலில் விரல்நுனித் தண்ணீர் கேட்பது எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

பிற்பாடு யூதர்களின் போதனைத் தொகுப்பான தல்மூதில், நீதிமான்களின் ஆத்துமாக்கள் தேவனுடைய மகிமையின் சிங்காசனத்துக்குக் கீழே இருப்பதாக ரபிகள் (யூத மத ஆசிரியர்கள்) சொன்னார்கள். அபிகாயில் தாவீதிடம் பேசிய 'ஜீவனுள்ளோருடைய கட்டு' என்ற வார்த்தைதான் அவர்களுக்கு ஆதாரம். யூதக் கல்லறைகளில் இன்றும், மரித்தவரின் ஆத்துமா அந்தக் கட்டிலே கட்டப்பட்டிருக்கட்டும் என்ற வேண்டுதலை ஐந்து எபிரேய எழுத்தாகச் சுருக்கிப் பொறிக்கிறார்கள்.

சபைக்குள்ளும் இது லேசில் தீரவில்லை. பரிசுத்தவான்கள்கூடக் கடைசி நாள்வரை தேவனை நேரில் காணமாட்டார்கள் என்று போப் 22ஆம் யோவான் 1331இல் பிரசங்கித்தார். பெரிய சர்ச்சையாகிவிட்டது, மரணப்படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட், சுத்திகரிப்பு தேவைப்படாதவர்கள் அதற்கு முன்பே காண்கிறார்கள் என்று 1336இல் அறிவித்தார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரோ, மரித்தவர்கள் காத்திருக்கும் நிலையைப் பலமுறை தூக்கம் என்றே எழுதினார். இத்தனை பேர் மல்லுக்கட்டிய விஷயம் ஒரே வரியில் அடங்குமா?

அப்புறம் அந்த 'மடி'. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'கொல்போஸ்'. யோவான் 13இல், பந்தியில் ஒரு சீஷன் இயேசுவின் மார்பில் சாய்ந்திருக்கிறான் என்ற இடத்திலும் இதே சொல்தான். அங்கே 'மார்பு' என்று போட்ட நம் மொழிபெயர்ப்பாளர்கள், லூக்காவில் 'மடி' என்று வைத்தார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் அம்மாவை அடக்கம் பண்ணிய ராத்திரி, ஆறு வயது மகள் என் புடவை முனையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி இப்ப எங்க?" என்று கேட்டாள். "ஆபிரகாம் தாத்தா மடியில" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப காலையில எழுப்புவாங்கல்ல?" என்றாள்.

அந்தக் காத்திருப்புதான் உங்கள் வரியில் விட்டுப்போயிருக்கிறது. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை