எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளைக் கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்து, அவற்றில் நவீன எஞ்சினைப் பொருத்திக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால், நல்ல எஞ்சின் ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டே வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்ற பொருளில் அதில் இருந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். என் பழைய பிக்கப் வண்டியில் இந்த வேலையை நானே செய்து பார்த்தவன் நான். எஞ்சினைச் சேசிஸில் உட்கார வைக்க எனக்கு 4 நாள் ஆயிற்று. வண்டியை நம்பி ஒரு மேட்டில் ஏறி இறங்க 14 மாதம் ஆயிற்று. இடைப்பட்ட காலம் எங்கே போயிற்று என்பதைச் சொன்னால், அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எஞ்சின் தேடிக் கிளம்பியிருக்கும் வாசகர்களுக்கு உதவும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள்; அந்த எஞ்சின் இருந்த வண்டியை முழுதாக வாங்குங்கள். பின்பக்கம் நசுங்கியிருந்தாலும், கூரை குழிந்திருந்தாலும் பரவாயில்லை. எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் போதும். பழைய கார்புரேட்டர் எஞ்சின் தனிக்கட்டை. எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டால், அது எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடும். நவீன எஞ்சின் அப்படியன்று. அது கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை. ஆக்சிலரேட்டர் மிதியில் கேபிள் கிடையாது. மிதிக்குள் இருக்கும் சென்சார்கள் ஒரே அளவை இரு வழிகளில் எஞ்சின் கணினிக்குச் சொல்கின்றன, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி எஞ்சினின் வேகத்தை அடக்கி வைத்துவிடும். சாவிக்குள் இருக்கும் சில்லை வண்டி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் உயிர்பெறும். கியர்பாக்ஸ், பிரேக், முன்பலகை மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணினி உண்டு. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்ற தகவல் தடத்தின் வழியாக, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டே ஒயர்களில், இவை எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினை மட்டும் பிரித்து எடுத்து வந்தால், பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு மீதிக்காகக் காத்திருக்கும் ஓர் இயந்திரம்தான் நம் கைக்கு வரும்.

எனக்கு நேர்ந்தது இதுதான். எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கணினி, அதனோடு வந்த ஒயர்க்கட்டு ஆகியவற்றை மட்டும் வாங்கினேன். மீதி வண்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்றவர் சொன்னார். இடத்தை அடைக்குமே என்று மறுத்துவிட்டேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடியது. ஆனால், கால்மணி நேரம் ஓடினால் கியர்பாக்ஸ் திடீரென்று ஒரே கியரில் நின்றுவிடும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும். பிறகு மீண்டும் நிற்கும். தகவல் தொடர்பு அறுந்தது என்ற பிழையையே கணினி திரும்பத் திரும்பக் காட்டியது. எர்த் ஒயர் அமரும் இடங்களில் எல்லாம் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டுக்குக் கீழே இரும்பு பளபளக்கும்படி செய்தேன். சென்சார்களை மாற்றினேன். இணைப்பான்களைக் கழற்றி ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு கேன் ஒயர்களுக்கு நடுவே மீட்டரை வைத்து மின்தடையை அளந்தேன். 60 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 120 காட்டியது.

அந்தத் தடத்தின் இரு முனைகளிலும் ஆளுக்கொன்றாக 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும். இரண்டும் பக்கஇணைப்பில் இருப்பதால் மீட்டரில் 60 என்று வரும். ஒரு முனையின் மின்தடை எஞ்சின் கணினிக்குள் இருந்தது. மறுமுனையின் மின்தடை, வேண்டாம் என்று நான் விட்டுவிட்டு வந்த வண்டியில் வேறொரு பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அது இல்லாததால், அனுப்பப்படும் சமிக்ஞைகள் முனையில் மோதி எதிரொலித்துத் தங்களைத் தாங்களே குழப்பிக்கொண்டிருந்தன. அரிசி மணி அளவுள்ள ஒரு மின்தடையைப் பற்றவைத்தேன். மீட்டர் 60 காட்டியது. அதன்பிறகு கியர்பாக்ஸ் ஒருமுறைகூட நிற்கவில்லை. முழு வண்டியும் என்னிடம் இருந்திருந்தால், ஓடுகிற வண்டியில் இதே அளவை முதல் நாளே எடுத்துக் குறித்து வைத்திருப்பேன்.

மூலவண்டி கையில் இருப்பதன் பெரும்பயன் இந்த ஒப்பீடுதான். பிரிப்பதற்கு முன் அதை ஓடவிட்டு, எரிபொருள் அழுத்தம், ஆயில் அழுத்தம், தண்ணீரின் சூடு, கணினியில் பதிந்திருக்கும் பிழைகள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். மிதி, சாவி, எரிபொருள் பம்ப், விசிறி, குழாய்கள், அவற்றைப் பிடித்திருக்கும் தகடுகள் வரை எல்லாமே அந்த எஞ்சினுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. எரிபொருள் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் காலத்துப் பம்ப் தரும் அழுத்தம் 4 முதல் 7 பி.எஸ்.ஐ.தான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அழுத்த அளவு), நவீன பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 58 பி.எஸ்.ஐ. அளவில் வேண்டும். பழைய டாங்கை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே ஒரு பம்பை மாட்டினால் சமதரையில் ஓடிவிடும். வண்டி பக்கவாட்டில் சாயும் சரிவில் எரிபொருள் ஒரு மூலைக்கு ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். எஞ்சின் அணைவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

என் சொல்லுக்கு விதிவிலக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கம்மின்ஸ் நிறுவனத்தின் 3.9 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் போன்ற பழைய வகைகளில் எரிபொருளை இயந்திர முறைப் பம்ப்தான் அளந்து கொடுக்கிறது, கணினி கிடையாது, ஓடத் தொடங்கியபின் அதற்கு மின்சாரம் ஏறக்குறைய தேவையே இல்லை. அதைத் தனியாக வாங்கலாம். ஆனால் அது சுமார் 340 கிலோ எடையுள்ளது. முன் ஸ்பிரிங்குகளையும் எஞ்சின் மவுண்ட்டுகளையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் வண்டி மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். இன்னொரு பக்கம், ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை எஞ்சின்களை இவ்வளவு பேர் விரும்புவது வெறும் குதிரைத்திறனுக்காக அன்று. 1997-இல் வந்த அந்த வகையில், எட்டு சிலிண்டர் இருந்தும், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் ஒன்றே ஒன்றுதான். அதுவும் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் எஞ்சினின் தலைப்பகுதி அகலமாக விரிவதில்லை. குறுகலான பழைய பானட்டுக்குள் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் இடம் மிஞ்சுவது இதனால்தான்.

குதிரைத்திறன் பற்றிக் கட்டுரை நிறையவே பேசியது. கரடுமுரடான பாதையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது கியர் விகிதம். என் பழைய கியர்பாக்ஸின் முதல் கியர் 4.0, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை 2.5, ஆக்ஸில் 4.1, மூன்றையும் பெருக்கினால் 41 வருகிறது. அதாவது, எஞ்சின் 41 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 33 அங்குல டயரோடு, நிமிடத்துக்கு 700 சுற்றில் எஞ்சின் சும்மா ஓடும்போது வண்டி மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். புதிய ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 3.06தான் என்பதால் அதே பெருக்கல் 31 என்று சுருங்கி, வேகம் 3.5 ஆனது. காகிதத்தில் இது சிறு வித்தியாசம். கற்கள் உருளும் இறக்கத்தில் பெரிய வித்தியாசம். ஏறும்போது, எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் விசையைப் பெருக்கிக் கொடுத்து ஈடுசெய்துவிடும். இறங்கும்போது அந்த உதவி கிடையாது. இரண்டு மடங்கு வலிமையான எஞ்சினைப் போட்ட வண்டி, பழையதைவிட வேகமாக என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போனதை நான் அனுபவித்திருக்கிறேன். பிறகு ஆக்ஸில் பல்சக்கரங்களை மாற்றித்தான் இழந்ததை மீட்டேன்.

எஞ்சினை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் நான் கற்ற ஒரு வேலையைச் சொல்கிறேன். மவுண்ட்டுகளை நிரந்தரமாக வெல்டிங் செய்வதற்கு முன், முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலின் தலைப்பகுதியில் ஒரு களிமண் உருண்டையை அப்பி வைத்து, தடுப்பு ரப்பரைத் தொடும்வரை ஜாக்கியால் ஆக்ஸிலைத் தூக்க வேண்டும். பிறகு இறக்கிப் பார்த்தால், எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப் அந்தக் களிமண்ணை எவ்வளவு நசுக்கியிருக்கிறது என்பது தெரியும். என் களிமண் தோசைக்கல்லில் இட்ட மாவு போலப் பரந்து கிடந்தது. வண்டி நிற்கும்போது நான்கு விரற்கடை இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறதே என்று நம்பி ஓட்டியிருந்தால், முதல் பள்ளத்திலேயே சம்ப் உடைந்து ஆயில் முழுவதும் மண்ணுக்குப் போயிருக்கும். சம்புக்காக எஞ்சினை உயர்த்தினால், ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடுகிறது. அந்த ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் மூட்டுகளின் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் அதிர்வு தொடங்கிவிடும். கோணமே இல்லாமல் நேர்கோடாக வைப்பதும் தவறு. மூட்டுக்குள் இருக்கும் ஊசி உருளைகள் நகராமல் ஒரே இடத்தில் தேய்ந்துபோகும். ஆகவே, உயரத்தை முடிவு செய்வது பானட் மூடுகிறதா என்று பார்க்கும் வேலையன்று.

குளிர்விப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலையில் காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மேடேறும் வண்டிக்கு எதிர்க்காற்று என்பதே இல்லை. விசிறியும், அதைச் சுற்றிக் காற்று கசியாமல் மூடும் உறையும்தான் கதி. அதே நேரத்தில் டார்க் கன்வெர்ட்டர் கியர் ஆயிலைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும். அதற்குத் தனிக் குளிர்விப்பான் இல்லாவிட்டால் கெடப்போவது எஞ்சின் அன்று, கியர்பாக்ஸ். இங்கேயும் எஞ்சினின் குணம் தெரிந்திருக்க வேண்டும். எல்எஸ் வகையில், சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், தண்ணீர் எஞ்சினுக்குள் நுழையும் பக்கத்தில் இருக்கிறது. ஹீட்டர் தேவையில்லை என்று அதன் குழாய்களை அடைத்துவிட்டால், சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட்டை வந்து தொட வழியில்லாமல் அது சரியான நேரத்தில் திறக்காது. அடைக்காமல், இரு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும்.

கட்டுரையில் பிரேக் என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொடவே திணறிய வண்டி, புதிய எஞ்சினோடு 120-ஐ இலகுவாகத் தொடும். வேகம் ஒன்றரை மடங்கு ஆனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு ஆகிறது. அதைத் தாங்க வேண்டியதோ நாற்பது ஆண்டுக்கு முந்தைய டிரம் பிரேக். போதாக்குறைக்கு, டீசல் எஞ்சினுக்கு மாறுபவர்கள், கால் மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடம் அந்த எஞ்சினில் தானாக உண்டாகாது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு வெற்றிடப் பம்ப் வேண்டும். அல்லது பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் பூஸ்டர் வேண்டும். இந்த ஒன்றிலாவது நான் தப்பித்தேன்; எஞ்சினை வாங்குவதற்கு முன்பே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிவிட்டேன். பெரிய டயர் மாட்டியவர்கள் வேகமானியையும் திருத்திக்கொள்ள வேண்டும்: 29 அங்குலத்திலிருந்து 33-க்கு மாறினால், முள் 88 காட்டும்போது வண்டி உண்மையில் 100-இல் போய்க்கொண்டிருக்கும். எஞ்சின் மாற்றத்துக்கான பதிவு, புகை விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டுரையாளரைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. இந்த விருப்பத்தைப் பலரிடம் கொண்டுசேர்த்ததற்கு அவருக்கு நன்றி. அடுத்த பகுதி வருமானால், பானட் திறந்த பளபளப்பான படங்களுக்கு நடுவே ஓர் ஒயரிங் வரைபடத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த 14 மாதமும் நான் எழுதிவந்த குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. கிரீஸ் படிந்த சில பக்கங்களைத் தவிர மற்றவை படிக்கும்படி உள்ளன. தேவைப்பட்டால் நகல் எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்