நீல நூல் தைத்த அந்த நோட்டுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைசிக் கல்லூரி விண்ணப்பமும் போய்ச் சேர்ந்துவிட்டது. திரையில் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்ததும் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. இனிமேல் நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன், தூக்கம் வந்தபாடில்லை. சரி, இந்தக் கடிதத்தையாவது எழுதி முடிப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பன்னிரண்டு நாட்களில் என்ன நடந்தது, மேற்படிப்புக்கு வழி சொல்லும் ஆலோசகர் இல்லாமல் நம் பள்ளியின் வழிகாட்டி அறை ஏன் காலியானது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கிளற மனமில்லை. பொறுப்பு என்னிடம் வந்த அன்று என் கையில் இருந்தவை அறைச் சாவியும் பன்னிரண்டாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலும்தான். நான் வேதியியல் எடுப்பவள். எந்தப் படிப்புக்கு எங்கே, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டால், என் காலத்தில் எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லத் தெரியும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நம்மிடம் ஒருவர்கூட இல்லாமல் போனபோதுதான் அந்த ஒருவர் இத்தனை நாள் எவ்வளவு சுமந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் மதியம் ஓர் அம்மா வந்தார். அவருடைய மகள் இங்கே படித்து முடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. மகன் இன்னும் ஒன்பதாம் வகுப்பில்தான் இருக்கிறான், அதனால் இந்த நெருக்கடியில் அவருக்கு நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது. தையல் வேலை செய்கிறவர். வாசலிலேயே நின்று, "டீச்சர், இது உங்களுக்கு உதவுமான்னு தெரியல. பாருங்க" என்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். உட்காரச் சொன்னேன். "வேலை கெடக்கு டீச்சர்" என்று கிளம்பிவிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம் இருந்திருப்பார்.

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. முதுகு பிய்ந்து போனதால் தையல் மெஷினில் கொடுத்து நீல நூலால் ஓட்டியிருந்தார். உள்ளே ஒவ்வொரு விரிப்பிலும் இடது பக்கம் 'என்ன கேட்டார்கள்', வலது பக்கம் 'நாங்கள் என்ன செய்தோம்'. எங்கெல்லாம் தவறு நடந்ததோ அங்கெல்லாம் சிவப்பு மை.

முதல் விரிப்பில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். 'கடைசி நாள் என்று தேதி மட்டும் பார்த்தோம். ராத்திரி பன்னிரண்டு மணி வரை இருக்கும் என்று நினைத்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிட்டார்கள். ஐந்து நாற்பதுக்குப் போய் உட்கார்ந்தோம்.' சிவப்பு மையில் நாலே வரி. அதற்குக் கீழே நீல மையில், 'தேதியோடு மணியையும் எழுது' என்று ஒரு வரி.

அந்தச் சாயங்காலத்தோடு அந்த மகளின் ஒரு வருடம் போனது. அவள் வீட்டில் இருந்த அந்த வருடத்தில்தான் அம்மா இந்த நோட்டை எழுதத் தொடங்கியிருக்கிறார், தம்பிக்கு இப்படி ஆகிவிடக் கூடாது என்று. மகள் அடுத்த வருடம் கல்லூரியில் சேர்ந்து, படிப்பையும் முடித்து, இப்போது வேலையில் இருக்கிறாள். இவ்வளவையும் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று இரவு அந்த நோட்டை மூன்று முறை படித்தேன். நான் பார்த்த எந்தக் கையேட்டிலும் இல்லாதது அதில் இருந்தது. கையேடுகள் எது சரி என்று சொல்லும்; எங்கே கால் தடுக்கும் என்று சொல்லாது. பெயரின் முதலெழுத்து ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததால் சரிபார்ப்பில் நிறுத்திவைத்தது ஒரு பக்கம். விண்ணப்பத்தில் வேறொருவரின் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, ரகசிய எண் வரும்போதெல்லாம் அவரைத் தேடி ஓடியது ஒரு பக்கம். மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோய், சேர்க்கைக் கடிதம் வந்து கிடந்ததே தெரியாமல் இருந்தது ஒரு பக்கம். மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, பட்டியலில் இருந்த ஒவ்வொருவரின் சான்றிதழ்களையும் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதுதான். பதினான்கு பேருக்குப் பெயரில் வித்தியாசம் இருந்தது. அந்த நோட்டு வராமல் இருந்தால் இது தெரிய வந்திருக்கும், ஆனால் திருத்த நாள் இருந்திருக்காது.

கல்லூரியில் என்ன கேட்க வேண்டும் என்றும் ஒரு பக்கம். 'வேலை கிடைக்கும் என்று சொன்னால் நாலு கேள்வி கேள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன வேலை.' அடுத்த வரி: 'அங்கீகாரம் உண்டா என்று கல்லூரியிடம் கேட்காதே. அங்கீகாரம் கொடுக்கிறவர்களின் பட்டியலில் பார்.' விட்டுவிட்டு வந்தால் கட்டிய பணத்தில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திரும்பும் என்பதைச் சேருவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தேன். பின்வரிசையில் ஒரு அப்பா பேனா கேட்டு வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு வரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'பிடித்த வரிசையில் போடு. கிடைக்கும் என்று நினைக்கிற வரிசையில் போடாதே.' கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடுவதைப் பற்றியது. இதில் எனக்கே சந்தேகம் இருந்தது. எட்டாத ஒன்றை முதலில் வைத்தால் கைக்கு எட்டுவதும் போய்விடாதா? நம் கணித ஆசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு தாளை எடுத்து நாலு மாணவர், மூன்று கல்லூரி என்று வரைந்து காட்டினார். 1962-ல் டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணிதமாம் இது. ஷேப்லிக்கு 2012-ல் ஆல்வின் ராத்தோடு சேர்த்துப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். பட்டியலின் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இது கிடைக்காவிட்டால் அடுத்தது என்று இடம் ஒதுக்குகிற முறையில், மனதில் உள்ள வரிசையையே போடுகிறவருக்கு அதனால் நஷ்டம் வராது. மேலே வைத்தது கிடைக்காததால் கீழே உள்ளது பறிபோகாது. எல்லா இடத்திலும் முறை ஒன்றுபோல இருக்காது, எத்தனை இடங்களை எழுதலாம் என்று வரம்பு வைப்பவர்களும் உண்டு, அதனால் விதிமுறையை முதலில் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். பெரிய அறிஞர்கள் நிறுவிக் காட்டியதை அந்த அம்மா மகளின் ஒரு வருடத்தை இழந்து தெரிந்துகொண்டிருக்கிறார்.

அன்றைக்கே ஒரு பையன் தன் பட்டியலைத் திருத்தினான். எட்டாவதாக எழுதியிருந்ததை முதலாவதாக்கினான். "இதைத்தான் படிக்கணும்னு ஆசை டீச்சர், ஆனா கிடைக்காதுன்னு கீழே போட்டேன்" என்றான். கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. ஆனால் ஆசைப்பட்டதை ஆசைப்பட்ட இடத்தில் எழுதிவிட்டான்.

இனி மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதவேண்டியது என் கடமை. இப்போதைக்குச் சேர்த்தே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர்த் திருத்தத்துக்காக இரவு ஒன்பது வரை அலுவலகத்தைப் பூட்டாமல் இருந்த எழுத்தர் சாருக்கும், கணினி அறையைத் திறந்து வைத்து, நின்றுபோன அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய ஆய்வக உதவியாளருக்கும், தேர்வுத்தாள் திருத்தும் வேலையிலிருந்து என்னை விடுவித்துத் தானே திருத்தித் தந்த தமிழாசிரியைக்கும், இரவு வேலை முடித்துத் தூங்காமல் தொலைபேசியில் தம்பி தங்கைகளின் சந்தேகத்தைத் தீர்த்த நம் பழைய மாணவர்களுக்கும், பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் அக்காக்களின் கட்டுரைகளைப் படித்துப் பார்த்துத் திருத்திய பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

தங்கள் வேலையைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கும். இரத்தப் பரிசோதனை செய்யும் தங்கை, நில அளவையாளர், மின்கம்பம் ஏறுகிறவர், கணக்குத் தணிக்கையாளர், செவிலியர். இங்கிலாந்தில் பள்ளி வழிகாட்டலுக்காக 2014-ல் காட்ஸ்பி அறக்கட்டளை வகுத்த எட்டு அளவுகோல்களில் ஒன்று, பதினொரு வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவர் வேலை கொடுக்கிறவர் ஒருவரையாவது சந்தித்துப் பேசியிருக்க வேண்டும் என்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் முதல் சந்திப்பு. மின்கம்பம் ஏறுகிறவரிடம், "மழையில ஏறும்போது பயமா இருக்காதா அண்ணா?" என்று ஒருத்தி கேட்டாள். "பயம் இருக்கிறவன்தாம்மா பெல்ட்டைச் சரியா மாட்டுவான்" என்றார். வேலை என்றால் சம்பளமும் பதவியும் மட்டும் இல்லை, ஒரு நாள் எப்படிப் போகும் என்பதும்தான் என்று பிள்ளைகளுக்கு அப்போது புரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

1908-லேயே பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டலுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார். உன்னைத் தெரிந்துகொள், வேலையைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதுதான் அவர் காட்டிய வழி. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் மூன்றையும் கடைசி வருடத்தின் கடைசி மாதத்தில் செய்யப் பார்க்கிறோம். ஒரு பிள்ளைக்குத் தன்னைத் தெரிந்துகொள்ளவே சில வருடம் வேண்டாமா? பன்னிரண்டு நாளில் படிவம் நிரப்பலாம், மனதை நிரப்ப முடியாது. சிலருக்குச் சரியான படிவத்தை நிரப்பினோமா என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. தாங்களாகச் சொல்லத் தெரியாத மூன்று பேரின் முகம் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் ஒன்றை எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்கிறேன். அடுத்த வருடம் புது ஆலோசகர் வந்தாலும் வராவிட்டாலும் இந்த அறையை நான் விட மாட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குவோம். வாரம் ஒரு பாடவேளை தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். அவருக்கும் நன்றி.

இன்று காலை நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இந்தப் பன்னிரண்டு நாளில் எங்களுக்கு நடந்த தவறுகளையும் கடைசியில் ஆறு பக்கம் சிவப்பு மையில் எழுதியிருந்தேன், அனுமதி கேட்காமல் எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். புகைப்படத்தின் அளவு தவறாகிப் படிவம் திரும்பி வந்த இடத்தில் விரலை வைத்து, "எங்களுக்கும் இதே ஆச்சு டீச்சர், எழுத விட்டுட்டேன்" என்றார். பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே வேறு தாள்களைச் சேர்த்துத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை போய் வாங்கி வர வேண்டும்.

நன்றியுடன்,
வழிகாட்டி அறையிலிருந்து உங்கள் வேதியியல் டீச்சர்