பார்மசி பாடத்திட்டம் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: பிள்ளைங்களை நோயாளி முன்னாடி உக்கார வைங்க

பாடத்திட்டக் குழுவுல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு பார்மசிஸ்ட், கவுண்டருக்குப் பின்னாடி நின்னே பாதி ஆயுசு போயிருச்சு. பார்மசிஸ்ட்னா இனிமே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறதோட நிக்கக்கூடாது, தடுப்பூசி போடணும், பிபி பார்க்கணும், ஒருத்தர் சாப்பிடுற மொத்த மருந்தையும் உக்காந்து ரிவ்யூ பண்ணணும், சின்னச் சின்ன நோய்க்கு தானே மருந்து கொடுக்கணும்னு இப்ப எல்லா இடத்துலயும் பேசுறாங்க. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். பயமெல்லாம் அதுக்கு நீங்க பிள்ளைங்களைத் தயார் பண்ற விதத்தைப் பார்த்துத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஆஸ்துமா உள்ள ஒரு அம்மா, ஒரே மாசத்துல ரெண்டாவது தடவை அதே இன்ஹேலர் வாங்க வந்தாங்க. மருந்து கேக்கவே மாட்டேங்குதுப்பான்னாங்க. எப்படி அடிக்கிறீங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மான்னேன். மூடியைக் கழட்டி, குலுக்காம, வாய்க்குள்ள அடிச்சு, டக்குன்னு வாயை மூடி முழுங்கிட்டாங்க. மருந்து நாக்குலயும் தொண்டையிலயும் நின்னுருச்சு, அப்புறம் நுரையீரலுக்கு எங்க போகும்? நல்லா குலுக்கி, மூச்சை முழுசா வெளிய விட்டு, உதட்டை இறுக்கி வச்சு, மெதுவா உள்ள இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கி, 10 செகண்ட் மூச்சைப் பிடிக்கணும்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவன்தான் நான், ஆனா சொல்லிக் கொடுக்கப் போனப்ப என் கை தடுமாறுச்சு, ஏன்னா படிச்ச காலத்துல ஒரு நாள்கூட இன்ஹேலரைக் கையில பிடிச்சதில்லை.

நீங்க பாடத்தைக் குறைவா வச்சிருக்கீங்கன்னு நான் சொல்ல வரல. பாடம் நிறையவே இருக்கு. எதிர்ல ஒரு மனுஷன் உக்காந்திருக்கும்போது அந்தப் பாடத்தை வச்சு கேள்வி கேட்டு, ஒரு முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேத்துக்கிற பழக்கம்தான் இல்லை. மருந்தோட பலனுக்கும் பார்மசிஸ்ட் பொறுப்பேத்துக்கணும்னு 1990லயே அமெரிக்காவுல ஹெப்லர், ஸ்ட்ராண்டுன்னு ரெண்டு பார்மசி பேராசிரியர்கள் எழுதிட்டாங்க. பணக்கார நாடுகள்லயே நாள்பட்ட நோய் இருக்கிறவங்கள்ல சுமாரா பாதிப் பேர்தான் மருந்தைச் சரியா சாப்பிடுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2003ல சொல்லிருச்சு.

மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற மருந்தையே எடுத்துக்கோங்க. மூட்டு வாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரு நாள்தான். தெரியாம தினமும் சாப்பிட்டா ரத்த அணுக்கள் குறைஞ்சு, வாயெல்லாம் புண்ணாகி, உயிரே போகலாம். இது எல்லா மாணவங்களுக்கும் தெரியும். ஆனா கவுண்டர்ல நின்னு "புரிஞ்சுதாங்க?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிருவாங்க. "எந்தக் கிழமை சாப்பிடப் போறீங்க, சொல்லுங்க பார்ப்போம்"னு கேட்டாத்தான் அவங்க மனசுல என்ன இருக்குன்னு வெளிய வரும். இந்த ஒரு கேள்வியைக் கேக்கப் பழகுறதுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கீங்கன்னு உங்க பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்க.

இன்னொன்னு, எதைத் தொடக்கூடாதுன்னு தெரியணும். இங்கிலாந்துல 2024 ஜனவரி 31ல ஆரம்பிச்ச பார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்துல தொண்டை வலி, காது வலி, அக்கி, பெண்களுக்கு வர்ற சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்றுன்னு மொத்தம் 7 பிரச்சனைகளுக்கு பார்மசிஸ்ட்டே பார்த்து மருந்து கொடுக்கலாம். ஆனா சிறுநீர் போகும்போது எரிச்சல்னு வந்த பெண்ணுக்குக் காய்ச்சலும் விலாப்பக்க வலியும் இருந்தா கதையே வேற, கிட்னி வரைக்கும் போயிருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும். வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப ஒரு தைரியம் வேணும்ங்க, அது பக்கத்துல ஒரு சீனியர் நின்னு நாம பண்றதைப் பார்த்து "ஏன் அனுப்பின? ஏன் அனுப்பல?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் வரும். அங்க ஏற்கெனவே வேலையில இருக்கிற பார்மசிஸ்ட் சுயமா மருந்து எழுதுற தகுதி வாங்கணும்னா, படிப்போட சேர்த்து 90 மணி நேரம் ஒரு அனுபவசாலியோட மேற்பார்வையில நோயாளிகளோட வேலை பார்த்தாகணும். சும்மா ஒரு ஆன்லைன் கோர்ஸும் சர்டிஃபிகேட்டும் போதும்னு அங்க விடல.

அந்த சீனியர் யாருங்கிறதையும் யோசிங்க. பயிற்சிக்குன்னு அனுப்புற பிள்ளைங்களை அலமாரி அடுக்கவும் பில் போடவும் விட்டுடுறாங்க, நானே அப்படித்தான் பயிற்சி முடிச்சேன், கையெழுத்தும் வாங்கிட்டேன். சொல்லிக் கொடுக்கிறவருக்கு கவுண்டர் வேலையில இருந்து நேரம் விடுவிச்சுத் தராம, அதுக்கு சம்பளமும் தராம, நல்ல மனசு இருந்தா சொல்லிக் கொடுப்பார்னு நம்பி எத்தனை நாள் ஓட்டுவீங்க? வரிசையில 12 பேர் நிக்கும்போது யாரால பொறுமையா சொல்லித் தர முடியும்?

என் வயசுக்காரங்களையும் மறந்துடாதீங்க. புதுப் பாடத்திட்டம் புதுசா வர்றவங்களுக்கு, ஆனா நாளைக்கு இந்த சேவையெல்லாம் ஆரம்பிக்கும்போது கவுண்டர்ல நிக்கப் போறது பெரும்பாலும் நாங்கதான்.

எழுத்துப் பரீட்சையை எடுத்துடுங்கன்னு கேக்கல. அதோட கூட, நோயாளியா நடிக்க ஒருத்தரை உக்கார வச்சு, 10 நிமிஷம் பேச விட்டுப் பார்த்து மார்க் போடுங்க, அதுல ஃபெயிலானா மறுபடி எழுத வைக்கிற மாதிரி மறுபடி பேச வைங்க. முதல் வருஷமே ஆளுக்கொரு பயிற்சி இன்ஹேலர் கையில கொடுங்க, மருந்தில்லாத காலி டப்பாவா இருந்தாலும் பரவாயில்லை. சொல்லிக் கொடுக்க நேரம் மட்டும் ஒதுக்கித் தாங்க, என்கிட்ட எத்தனை பிள்ளைங்களை அனுப்பினாலும் நான் பார்த்துக்கிறேன்.

இப்படிக்கு,
கவுண்டர்ல நிக்கிற ஒரு பார்மசிஸ்ட்